கதவைச் சாத்திவிட்டு நகர்ந்து நில்லுங்கள்!

சென்ற இதழில், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில் 'யூரோஃப்ளோ டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆகவே இந்த முறை வேறு எதுவும் கிடையாது; சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் அந்தப் பரிசோதனை மட்டும்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை நானே எடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் யாரும் தன் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்பட மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

கேள்வி: எனக்கு 64 வயது. சிறுநீர்த் தாரை மெலிந்துவிட்டது. இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன். யூரோஃப்ளோ எடுக்கப் போனேன். 'நிறையத் தண்ணி குடிங்க, அடக்கிட்டே இருங்க, கூப்பிடுறோம்' என்றார்கள். இரண்டு பாட்டில் குடித்துவிட்டு, வயிறு வெடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. ஆனால் புனல் முன்னால் போய் நின்றால், வர மாட்டேன் என்கிறது! வெளியே ஒருவர் கதவைத் தட்டி 'ஆச்சா சார்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாக விட்டு விட்டு வந்தது. ரிப்போர்ட்டில் அளவு 720 மில்லி, கியூமேக்ஸ், அதாவது உச்ச வேகம், நொடிக்கு 8 மில்லி என்றிருக்கிறது. 'அடைப்பு இருக்கு, ஆபரேஷன் தேவைப்படலாம்' என்கிறார்கள். வீட்டில் எனக்கு இவ்வளவு மோசமில்லை. இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா டாக்டர்?

பதில்: ஐயா, என் கண் முதலில் போனது அந்த 8-க்கு இல்லை, 720-க்கு.

சிறுநீர்ப்பை தசையால் ஆன பை. 150, 200 மில்லி சேர்ந்ததும் 'போகலாமா?' என்று லேசாகக் கேட்கும். 400, 500 ஆனால் 'போயே ஆகணும்' என்று அடம் பிடிக்கும். அதற்கு மேலும் அடக்கினால் தசை அளவுக்கு மீறி இழுபட்டு, சுருங்குகிற வலுவை இழக்கும். அடைப்பே இல்லாதவருக்குக்கூட அந்த நிலையில் வேகம் குறைவாகக் காட்டலாம். அதே மாதிரி, 150 மில்லிக்குக் குறைவாகப் போனாலும் வருகிற எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டுக்கும் நடுவில், வழக்கமாகப் போகத் தோன்றும் அந்த நேரத்தில் போவதைத்தான் இந்தப் பரிசோதனை கேட்கிறது. 'அடக்கிட்டே இருங்க' என்று யார் சொன்னாலும், வழக்கமான உணர்வு வந்ததும் எழுந்து போய் 'எனக்கு வந்துடுச்சு' என்று சொல்லுங்கள். வரிசையெல்லாம் அப்புறம். இதற்கு இரண்டு மூன்று டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அடுத்தது மெஷின். புனலுக்கு அடியில் ஒரு குடுவை, குடுவைக்கு அடியில் எடை உணரும் கருவி. பெரும்பாலான மெஷின்கள் இவ்வளவுதான். ஒரு மில்லி சிறுநீர் ஏறக்குறைய ஒரு கிராம். எடை நொடிக்கு நொடி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதைக் கோடாக வரைந்துவிடுகிறது. சுழலும் தட்டின் மேல் சிறுநீர் விழுந்து, தட்டின் வேகம் குறையாமல் வைத்துக்கொள்ள மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கணக்குப் போடும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் அதற்குப் புத்தி கிடையாது. புனலைக் காலால் இடித்தால் கோடு ஊசி மாதிரி மேலே குத்தும். தாரையைப் புனலின் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் ஆட்டினால் கோடும் அலை அலையாக ஆடும். அந்த ஊசியின் நுனியைத்தான் உச்ச வேகம் என்று மெஷின் அச்சடித்துக் கொடுக்கும். அதனால்தான் இரண்டு நொடிகூட நிற்காத உச்சத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று எங்களிடம் படிக்க வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணை மட்டும் வாசித்துவிட்டுக் கோட்டைப் பார்க்காத மருத்துவர் பாதி ரிப்போர்ட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

கியூமேக்ஸ் என்பது அந்த உச்ச வேகம். ஆண்களுக்கு நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 10-க்குக் கீழே இருந்தால் அடைப்புக்கான வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். வயது ஏற ஏற எல்லோருக்கும் கொஞ்சம் குறையும். ஆனால் இவையெல்லாம் இயல்பாகப் போன சிறுநீருக்கான கணக்கு. கதவு தட்டப்பட்டு, அவசரத்தில், வலியோடு போன சிறுநீருக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை.

என் பரிசோதனை அறையில் ஒரே ஒரு சட்டம்தான்: ஆளை உள்ளே விட்டதும் கதவைச் சாத்து, பிறகு கதவை விட்டு நகர்ந்து நில். வெளியே வந்ததும் ஒரே கேள்வி: 'வீட்டுல போற மாதிரிதான் போச்சா?' அவர் சொல்லும் பதிலை அந்தத் தாளின் மேலேயே பேனாவால் எழுத வேண்டும். 'இல்லை' என்றால் அந்தத் தாள் எனக்குத் தேவையில்லை. இன்னொரு முறை எடுப்போம். 'ஆமாம்' என்றாலும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது: மறுபடி எடுங்கள், இயல்பான நேரத்தில். போய் முடித்த கையோடு வயிற்றில் ஸ்கேன் வைத்து, உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டில் மீதி அளவு இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது. 720 வெளியே வந்த பிறகும் உள்ளே 300 தங்கியிருந்திருந்தால் கதை வேறு. அன்று குடித்த தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த ஒரு தாளை வைத்து ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள். முட்டிக்கொண்டு நின்றும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மட்டும் தேதி, டெஸ்ட் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இந்த டெஸ்டுக்கு ஊசி போடுவார்களா? டியூப் விடுவார்களா? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: இல்லை. இல்லை. இல்லை. சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் என்று கிருமித் தொற்று இருந்தால் மட்டும் அது தீர்ந்த பிறகு வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். குறிப்பாக, சளிக்கென்று நீங்களே வாங்கிப் போட்டதையும். மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். தூக்கம் வரவழைக்கும் சில அலர்ஜி மாத்திரைகள் சிறுநீர்ப்பைத் தசையைச் சோம்பலாக்கும். புராஸ்டேட் வீங்கியிருப்பவர் இரண்டும் கலந்த சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு டெஸ்டுக்கு வந்தால், சளியின் யூரோஃப்ளோவைத்தான் நான் பார்ப்பேன்.

கேள்வி: வயது 26. மெஷின் அறையில் எவ்வளவு நேரம் நின்றும் எனக்குச் சிறுநீர் வரவே இல்லை. பொதுக் கழிப்பறையிலும் பக்கத்தில் ஆள் நின்றால் வராது. வீட்டில் எந்தச் சிக்கலும் இல்லை. எனக்கு என்ன நோய்?

பதில்: கூச்சம். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சிறுநீர் கழிக்க, வாயிலில் இருக்கும் தசை தளர வேண்டும். யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் இருக்கும்வரை அது தளராது. இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். வெளியே சொல்லாததால் தான் ஒருவர் மட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அன்று ரிப்போர்ட்டில் 'நோயாளியால் போக முடியவில்லை' என்று எழுதியிருந்தால் அது சரியான ரிப்போர்ட். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்தும் சிறிய கருவிகளும் இருக்கின்றன. ஆனால் வீட்டில் சிக்கல் இல்லை என்கிற உங்களுக்கு இந்த டெஸ்ட் எதற்கு எழுதப்பட்டது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் 52 வயதுப் பெண். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது; போன பிறகும் மீதி இருக்கிற மாதிரியே இருக்கிறது. எனக்கு யூரோஃப்ளோ எழுதியிருக்கிறார் டாக்டர். இது ஆண்களுக்கான டெஸ்ட் இல்லையா? அங்கே இருந்த நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. தொடாமல் அந்தரத்தில் நின்றபடி போய்விட்டு வந்தேன்.

பதில்: அம்மா, புராஸ்டேட் ஆண்களுக்குத்தான் உண்டு, சிறுநீர்ப்பை எல்லோருக்கும் உண்டு. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையானது. அதனால் தாரை பொதுவாக ஆண்களைவிட வேகமாகவே இருக்கும். நொடிக்கு 20 மில்லிக்கு மேல் போவது சாதாரணம். உங்களைப் போல அடிக்கடித் தொற்று வருபவர்களுக்கு, சிறுநீர் முழுவதும் காலியாகாமல் தேங்கி நிற்கிறதா, சிறுநீர்ப்பை அடியிறங்கி வாயிலை மடக்குகிறதா என்று பார்க்க இந்த டெஸ்டும் ஸ்கேனும் சேர்ந்து உதவும்.

நீங்கள் அந்தரத்தில் நின்று எடுத்ததைத் தூக்கிப் போடுங்கள். அப்படி நிற்கும்போது தொடையும் இடுப்பின் அடித்தளத் தசைகளும் உங்களைத் தாங்கிப் பிடிக்க இறுகியிருக்கும். இறுக வேண்டியதும் தளர வேண்டியதும் பக்கத்துப் பக்கத்துத் தசைகள். நாற்காலியைத் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது மேலே விரிப்புப் போடச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, வெட்கப்பட வேண்டியது சுத்தமாக வைக்காதவர்கள். முழுதாக உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், எட்டவில்லை என்றால் ஒரு மணைப்பலகை கேளுங்கள். முக்காதீர்கள். முடித்த பிறகு டிஷ்யூ பேப்பரைப் புனலுக்குள் போட்டுவிடாதீர்கள். மெஷின் அதையும் சிறுநீர் என்றே எடை போடும். உச்ச வேகம் கடைசி நொடியில் வந்ததாகக் காட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது டிஷ்யூதான்.

கேள்வி: நான் ஒரு பொறியாளர். மெஷின் எதற்கு என்று அளவுக் குவளையும் செல்போன் ஸ்டாப்வாட்சும் வைத்து நானே அளந்தேன். 300 மில்லி, 30 நொடி. ஆக நொடிக்கு 10 மில்லி. நீங்கள் சொல்லும் கணக்குப்படி எனக்கு அடைப்பா?

பதில்: நீங்கள் அளந்தது சராசரி. நான் மேலே சொன்ன 15, 10 எல்லாம் உச்ச வேகத்துக்கு. ஆரம்பத்தில் ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, இறங்குகிற ஒன்றைச் சராசரி போட்டால் உச்சத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஆகவே உங்களுக்கு அடைப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சராசரி 10 என்பது எனக்கு மோசமாகவும் படவில்லை.

உங்களை நான் கடிந்துகொள்ளப் போவதில்லை. இந்தப் பரிசோதனை பிறந்ததே இப்படித்தான். 1948-ல் வில்லார்ட் டிரேக் என்ற அமெரிக்க மருத்துவர், எடை பார்க்கும் கருவியையும் சுழலும் உருளையில் சுற்றிய தாளையும் இணைத்து, சிறுநீரின் எடை ஏறுவதைக் கோடாக வரைய வைத்தார். 1956-ல் சுவீடனின் வான் காரெல்ட்ஸ் அதை மின்னணுக் கருவியாக்கினார். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே ஆர்வம்தான்.

அந்தக் குவளையை இன்னும் நல்ல வேலைக்குப் பயன்படுத்துங்கள். ஸ்டாப்வாட்சை வைத்துவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி, என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள். முதல் கடிதம் எழுதிய ஐயாவும் இதைச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் போகும் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் வருகிறது என்றால், வயதானவர்களுக்கு அது புராஸ்டேட்டின் குற்றமாக இல்லாமல் போகலாம். கால் வீக்கம், இதயம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, இரவில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பது என்று காரணம் வேறெங்காவது இருக்கும். புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்த பிறகும் அவர் இரவில் மூன்று முறை எழுந்துகொண்டுதான் இருப்பார்.

கேள்வி: ஆரோக்கியமானவர் 21 நொடியில் சிறுநீர் கழித்து முடிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு 40 நொடி ஆகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: அது யானைக் கணக்கு. 2014-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் விலங்குகள் சிறுநீர் கழிப்பதைப் படம் பிடித்து, மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாம், ஆடானாலும் யானையானாலும், ஏறக்குறைய 21 நொடியில் காலி செய்கின்றன என்று கண்டார்கள். யானைக்குப் பை பெரிது, ஆனால் குழாயும் நீளம், அகலம். புவியீர்ப்பு வேகத்தைக் கூட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அவர்களே முன்னே பின்னே 13 நொடி என்று போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அது உதிர்ந்துவிட்டது. நீங்கள் எத்தனை மில்லி போனீர்கள் என்று தெரியாமல் 40 நொடிக்கு அர்த்தமே கிடையாது.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. கால்களைப் பின்னிக்கொண்டு கடைசி நிமிடம் வரை அடக்குவாள். போகும்போது விட்டு விட்டு வருகிறது. உள்ளாடை அடிக்கடி ஈரமாகிறது. குழந்தைக்கு இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. சொன்னால் போகத் தெரிந்த குழந்தைக்கு இதைவிட எளிய டெஸ்ட் கிடையாது. பெரியவர்களின் எண்களை மட்டும் அவளுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். அவளுக்கு 240 மில்லி. வேகத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு: உச்ச வேகத்தை அதே எண்ணால் பெருக்கி வருவது, போன அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பெரும்பாலும் வேகம் சரி. 200 மில்லி போய், உச்சம் 15 என்றால், 225, போதும்.

ஆனால் குழந்தைகளிடம் நான் பார்ப்பது எண்ணைவிடக் கோட்டைத்தான். நல்ல கோடு மணியைக் கவிழ்த்தாற்போல் வழவழப்பாக ஏறி இறங்கும். அடக்கிப் பழகிய குழந்தைகளுக்கு அது ரம்பப் பல்லாக இருக்கும்: பை சுருங்குகிறது, அதே நேரத்தில் வாயிலில் இருக்கும் தசை இறுகுகிறது, விடுகிறது, இறுகுகிறது. மலச்சிக்கல் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்; பல குழந்தைகளுக்கு அதைச் சரி செய்தாலே பாதி சரியாகிவிடும். காலுக்கு அடியில் பலகை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஞாபகப்படுத்துவது, அவசரப்படுத்தாமல் இருப்பது. சில இடங்களில் அந்தக் கோட்டையே திரையில் ஓடவிட்டு, தசையைத் தளர்த்தினால் கோடு மேலே போகும் என்று குழந்தையைப் பழக்குகிறார்கள். குழந்தைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஈரத்துக்காக அவளைத் திட்டாதீர்கள், வேண்டுமென்று செய்வதில்லை.

கேள்வி: டாம்சுலோசின் மாத்திரை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். உச்ச வேகம் 9-லிருந்து 11-தான் ஆகியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: செய்திருக்கிறது. சிறுநீர்ப்பை வாயிலின் தசையைத் தளர்த்தும் இந்த வகை மருந்துகள் சராசரியாகக் கூட்டிக் கொடுப்பதே நொடிக்கு இரண்டு, மூன்று மில்லிதான். நான் எண்ணைக் கேட்பதற்கு முன் உங்களைக் கேட்பேன். சிறுநீர்த் தொல்லைகளைப் பற்றி ஏழு கேள்விகள் கொண்ட ஒரு அட்டவணை உண்டு, மொத்தம் 35 மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் நல்லது. அதில் உங்கள் மதிப்பெண் 20-லிருந்து 10-க்கு இறங்கியிருந்தால், இரவில் நிம்மதியாகத் தூங்கினால், 11 எனக்குப் போதும். ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு போன்ற, சுரப்பியைச் சுருக்கும் மருந்து சேர்த்திருந்தால் அதன் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் டெஸ்ட் எடுத்து ஏமாறாதீர்கள். டாம்சுலோசின் சாப்பிடும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், பார்த்து எழுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறீர்கள் என்றால், டாம்சுலோசின் சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருவிழியை அது தொளதொளப்பாக்கும். தெரிந்திருந்தால் அவர் தயாராக இருப்பார்.

கேள்வி: 20 வருடமாகச் சர்க்கரை நோய். வயது 69. இரண்டு முறை எடுத்தும் உச்ச வேகம் 7. போன பிறகு 250 மில்லி தங்குகிறது. ஒரு டாக்டர் புராஸ்டேட் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர், 'உங்களுக்குப் பையே பலவீனம், ஆபரேஷன் உதவாமல் போகலாம்' என்கிறார். யூரோஃப்ளோவைப் பார்த்து யார் சொல்வது சரி என்று சொல்ல முடியுமா? அடுத்து ஏதோ டியூப் வைக்கும் டெஸ்டாம், வலிக்குமா?

பதில்: முடியாது. இந்த டெஸ்டின் எல்லை இதுதான். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால், வழியில் அடைப்பா, மேலே தொட்டியில் அழுத்தம் இல்லையா என்று வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? கோட்டின் வடிவம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். மேலே தட்டையாக, பெட்டி மாதிரி நீண்டால் குழாயில் தழும்புச் சுருக்கம் இருக்குமோ என்று நினைப்போம். இழுத்து இழுத்து, நீண்ட வாலோடு இறங்கினால் புராஸ்டேட். முக்கி முக்கித் துண்டு துண்டாக வந்தால் பை பலவீனம். ஆனால் நீண்ட காலச் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் மந்தமாகலாம். 69 வயதில் புராஸ்டேட்டும் வீங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வமில்லை. உங்கள் இரண்டு டாக்டர்களும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள்.

அதைத் தீர்க்கத்தான் அந்த டியூப் டெஸ்ட். மெல்லிய குழாய் ஒன்று சிறுநீர்ப்பைக்குள், இன்னொன்று ஆசனவாயில். பையை மெதுவாக நிரப்பி, நீங்கள் போகும்போது உள்ளே அழுத்தம் எவ்வளவு, வெளியே வேகம் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். அழுத்தம் அதிகம், வேகம் குறைவு என்றால் அடைப்பு; முதல் டாக்டர் சொன்ன ஆபரேஷன் பலன் தரும். இரண்டுமே குறைவு என்றால் பை பலவீனம். அப்போது ஆபரேஷனை நம்பி மட்டும் இருக்க முடியாது. தினமும் சில முறை நீங்களே மெல்லிய டியூப் விட்டுக் காலி செய்யப் பழக வேண்டியிருக்கலாம். கேட்கப் பயமாக இருக்கும், பழகியவர்கள் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். உங்கள் நிலையில் இந்த டெஸ்ட் இல்லாமல் ஆபரேஷனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வலி என்று பெரிதாக இல்லை. ஜெல் தடவித்தான் நுழைப்பார்கள். நுழையும் சில நொடிகளுக்கு எரிச்சல் இருக்கும். அன்றும் மறுநாளும் சிறுநீர் போகையில் எரியலாம், லேசாக ரத்தம் கலந்து வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று வேகமாக ஏறும்.